எட்டே முக்கால் தலை

பழைய புத்தகக் கடைக்குச் செல்கிறவர் தாம் தேடிச் சென்ற நூலோடு திரும்புவது அரிது. வீரமாமுனிவரின் சதுரகராதிக்குப் பழைய பதிப்பு ஏதேனும் கிட்டுமா என்று பார்க்கத்தான் நாம் சென்றோம். கோவை வண்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. 1985-ஆம் ஆண்டு தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் வணிகர்கள் பின்னர் குடியேறிய அல்லிக்குளம் வளாகம், சென்னை சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவுதான். பொறியியல் கைடுகளும் வங்கித் தேர்வு நூல்களும் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்த ஒரு கடையில், அடுக்கின் அடியில் அகலமான ஓர் ஆங்கில நூல் கிடந்தது. மேலட்டை பாதி கிழிந்திருந்தது. உள்ளே பக்கந்தோறும் பாய்கிறவர்களும் குத்துகிறவர்களும் பறக்கிறவர்களும் நிறைந்திருந்தார்கள். 'ஹவ் டு டிரா காமிக்ஸ் தி மார்வெல் வே' என்பது அதன் பெயர். மார்வெல் நிறுவனத்தார் படக்கதை வரையும் முறையைக் கற்பிக்கும் கையேடு அது.

"பேரனுக்கா சார்?" என்று கேட்டார் கடைக்காரர். ஆமென்று சொல்லவும் இயலாது. இல்லையென்று விளக்கவும் நேரமில்லை. சிரித்துவிட்டு 60 ரூபாயைக் கொடுத்து நூலை வாங்கிக்கொண்டோம்.

ஓர் அருள்பணியாளருக்குப் படக்கதைப் புத்தகத்தில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். நியாயமான வினாதான். 1972 முதல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸ் எம் தலைமுறைச் சிறுவர்களின் மறைபொருட் செல்வமாக இருந்தது. அதன் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தவுடன் உடல் மறைந்து எஃகுக் கை மட்டும் வெளியே தெரியும் அந்த மனிதனைப் புவியியல் பாடநூலுக்குள் ஒளித்து வைத்து நாம் படித்ததுண்டு. இளங்குருமடத்தில் அது பிடிபட்ட நாளில் கிடைத்த தண்டனையும் தகுதியானதே. அந்தச் சித்திரங்கள் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' என்னும் இதழுக்காக 1962 முதல் வரையப்பட்டவை என்பதையும், வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர் என்பதையும் பல்லாண்டுகள் கழித்தே அறிந்தோம். ஹெசூஸ் என்பது இயேசுவின் திருப்பெயரே. அன்று எம் குருமட அதிபருக்கு இது தெரிந்திருந்தால் தண்டனை சற்றுக் குறைந்திருக்குமோ என்னவோ!

படக்கதை படிக்கும் சிறுவன் கதையைப் பார்க்கிறான். வரைந்த கையைப் பார்ப்பதில்லை. அந்தக் கையின் உழைப்பை இந்நூல் காட்டுகிறது. எனவே இதனை ஒரு பாடநூலாக மட்டும் கருதாமல், ஒரு கலையின் ஒப்புதல் வாக்குமூலமாகவும் கருதிப் படித்தோம்.

நூலும் அதனை ஆக்கியோரும்

160 பக்கங்கள் கொண்ட இந்நூலை 1978-இல் நியூயார்க்கின் சைமன் அண்டு ஷூஸ்டர் பதிப்பகம் வெளியிட்டது. அட்டையில் இருவர் பெயர்கள் உள்ளன. ஒருவர் எழுத்தாளர் ஸ்டான் லீ. மற்றவர் ஓவியர் ஜான் பியூசெமா. 1970-களின் நடுவில் பியூசெமா இளைஞர்களுக்காக நடத்திய ஓவியப் பயிலரங்கிலிருந்தே இந்நூலின் எண்ணம் பிறந்தது. ஆகவே இதில் பேச்சு லீயுடையது, கோடு பியூசெமாவுடையது. திருவிழாக் கடைத்தெருவில் நின்று கூவி அழைக்கும் வணிகரைப் போல லீ வாசகனை ஒவ்வொரு பக்கத்திலும் தோளில் தட்டி அழைக்கிறார். பியூசெமாவின் பென்சிலோ, நல்ல ஆசிரியரைப் போல, செய்து காட்டுகிறது. பிறகு விலகி நிற்கிறது.

பியூசெமாவைப் பற்றிய செய்தி ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. 1927-இல் புரூக்ளினில் பிறந்து 2002-இல் மறைந்த இவர், மாவீரர்களை வரைவதில் தமக்கு விருப்பமில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவந்தார். பழங்கால வாள்வீரனான கோனான் கதைகளே அவர் மனத்துக்கு உகந்தவை. எந்திரங்களையும் வானளாவிய கட்டடங்களையும் வரைவது அவருக்குச் சுமையாக இருந்தது. பிடிக்காத பணியை இவ்வளவு நேர்த்தியாகச் செய்தவர், அதை அடுத்த தலைமுறைக்கு இவ்வளவு பொறுமையாகக் கற்றும் கொடுத்தார். குடும்பத்துக்காக நாள்தோறும் உழைக்கும் பொதுநிலையினர் பலருக்கு இந்த அனுபவம் புதிதாக இராது. தமக்கு விருப்பமான தொழிலையா அவர்கள் எல்லாரும் செய்துகொண்டிருக்கிறார்கள்?

நூலின் பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மார்வெல் பாணி என்று எதனைச் சொல்கிறார்களோ, அதன் பெரும்பகுதி ஜாக் கர்பி என்னும் ஓவியரின் கையில் பிறந்தது. 1961-இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கதையை லீயுடன் சேர்ந்து படைத்தவர் அவர். கதையின் சுருக்கத்தை மட்டும் பெற்றுக்கொண்டு, பக்கங்களை முழுவதுமாக ஓவியர் வகுத்து வரைந்து முடிப்பார். அதன் பிறகே எழுத்தாளர் பேச்சுக் குமிழ்களை நிரப்புவார். அவ்வாறாயின் கதையைப் படைத்தவர் யார்? இந்த வினா பல ஆண்டுகள் மனக்கசப்பாகவும், 1994-இல் கர்பி மறைந்த பின் அவருடைய வாரிசுகளின் வழக்காகவும் வளர்ந்து, 2014-இல்தான் உடன்பாட்டில் முடிந்தது. கையேட்டில் கர்பியின் கட்டங்கள் எடுத்துக்காட்டாக இடம்பெறுகின்றன. அட்டையில் அவர் பெயர் இல்லை. உழைப்பவனுக்கு உரிய கூலி மட்டுமன்றி, உரிய பெயரும் சேர வேண்டும் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

கற்பிக்கும் திறம்

இந்நூலின் முதற்பாதி போற்றத்தக்கது. உலகிலுள்ள எந்தப் பொருளையும் உருண்டை, பெட்டி, உருளை என்னும் மூன்று வடிவங்களின் சேர்க்கையாகப் பார்க்கக் கற்றுக்கொள் என்று அது தொடங்குகிறது. துப்பாக்கியும் மோட்டார் வண்டியும் விமானமும் அந்த மூன்றில் அடங்கிவிடுகின்றன. பிறகு அடிவானக் கோடு, அதன்மேல் மறைபுள்ளி. நீண்ட தெருவின் இரு ஓரங்களும் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதுபோல் ஏன் தோன்றுகின்றன என்பதைச் சிறுவனுக்கும் விளங்கும்படி சொல்கிறது. அதன் பின்னரே மனித உடல் வருகிறது. அதுவும் குச்சி உருவமாக. குச்சியின் மேல் உருளைகள்; உருளைகளின் மேல் தசை; தசையின் மேல் உடை.

இந்த வரிசையில் ஓர் ஒழுக்கம் இருக்கிறது. தொடக்க மாணவன் கண்ணிலிருந்தும் இமை மயிரிலிருந்தும் ஆரம்பிக்க ஆசைப்படுவான். அழகை இறுதிக்கு ஒத்திவை, முதலில் எலும்பு நிற்கிறதா பார் என்று இந்நூல் அவனைத் தடுத்து நிறுத்துகிறது. மறையுரை எழுதக் கற்ற நாட்களில் எம் பேராசிரியர் ஒருவர் இதையே வேறு சொற்களில் சொல்லுவார்.

நம்மை நோக்கி நீட்டப்பட்ட கை எவ்வாறு குறுகித் தோன்றும் என்பதை விளக்கும் இயல் இந்நூலின் சிகரம் எனலாம். முட்டி பெரிதாக முன்னே நிற்க, முழங்கையும் தோளும் அதன் பின்னே ஒளிந்துகொள்கின்றன. கண்ணால் காண்பதற்கும், 'கை இவ்வளவு நீளம்' என்று மூளை அறிந்துவைத்திருப்பதற்கும் இடையே ஒரு போராட்டம் நிகழ்கிறது. பியூசெமா கண்ணின் பக்கம் நின்று அதனை வெல்லக் கற்பிக்கிறார். பென்சில் வரைவுக்கு மை ஏற்றும் முறையைச் சொல்லும் கடைசி இயல் அதைவிடச் சுருக்கமானது. ஒருவர் பென்சிலால் வரைய, மற்றொருவர் எழுத்துகளைப் பொறிக்க, வேறொருவர் மை ஏற்றுகிறார் என்னும் தொழிற்பிரிவினையை அதிலிருந்து அறியலாம்.

அளவுகோல்

இனிக் குறைக்கு வருவோம். மனித உடலை அளக்க ஓவியர் கையாளும் கோல், அம்மனிதனின் தலையே. உச்சி முதல் முகவாய் வரை ஓர் அலகு. சாதாரண மனிதன் ஆறரைத் தலை உயரம் என்கிறது இந்நூல். நாயகனுக்கோ எட்டே முக்கால் தலை விதிக்கிறது. உண்மையான மனித அளவில் வரைந்தால் நாயகன் எடுப்பாக இரான் என்பது அதன் காரணம்.

இது மார்வெல் ஓவியர்கள் தொடங்கிவைத்த வழக்கமன்று. மனிதனின் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு தலை என்று உரோமைக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதினார். கிரேக்கச் சிற்பி லைசிப்பஸ் தலையைச் சிறிதாக்கி உடலை உயரமாகத் தோன்றச் செய்தார் என்று பிளினி குறித்துள்ளார். நம் நாட்டுச் சிற்ப நூல்களில் முகத்தின் நீளம் தாளம் எனப்படும். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம். பிள்ளையாருக்கு ஐந்து தாளம். ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தாளக் கணக்கில் குறைந்த பிள்ளையார் வழிபாட்டில் குறைந்தவர் அல்லர். அங்கே அளவு ஓர் உருவத்தை மற்றோர் உருவத்திலிருந்து வேறுபடுத்தும் அடையாளம். இந்நூலிலோ அளவு மதிப்பாகிவிடுகிறது. எட்டே முக்கால் பார்க்கத் தகுந்தது, ஆறரை சலிப்பூட்டுவது. ஆறரைத் தலை உயரமுள்ள சிறுவன் ஒருவன் இதைப் படித்து, தன்னைப் பார்க்கத் தகாதவன் என்று தன் கையாலேயே வரையக் கற்றுக்கொள்கிறான்.

பெண்களைப் பற்றிய அறிவுரையும் இத்தன்மையதே. பெண் வலிமையுள்ளவளாக இருக்கலாம். ஆயினும் தசை தெரியாமல் மென்மையாக வரைய வேண்டும் என்கிறது நூல். கட்டடப் பணியில் தலையில் கலவைச் சட்டி ஏந்திச் சாரத்தில் ஏறும் சித்தாள் பெண்ணின் முன்கையை இந்த ஆசிரியர்கள் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

தலைக்கணக்கு விவிலியத்துக்கும் புதிதன்று. மக்கள் அனைவரிலும் தோளுக்கு மேல் உயர்ந்து நின்ற சவுல் அரசரானார். அவருடைய முடிவை நாம் அறிவோம். ஈசாயின் வீட்டில் எலியாபின் உயரத்தைக் கண்டு மயங்கிய சாமுவேல் இறைவாக்கினரையே ஆண்டவர் திருத்த வேண்டியிருந்தது. அடுத்த அதிகாரத்தில் ஆறு முழமும் ஒரு சாணும் உயர்ந்த கோலியாத்து வருகிறான், வீழ்கிறான். நற்செய்தியாளர் நால்வரும் இயேசு பெருமானின் உயரத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. லூக்கா குட்டையானவர் என்று குறிப்பது சக்கேயுவை. அந்தக் கிரேக்க வாக்கியத்தின் அமைப்பைக் கொண்டு, குட்டையானவர் சக்கேயுவா இயேசுவா என்று ஐயம் எழுப்பிய அறிஞரும் உண்டு! தொடக்கத் திருச்சபையிலும் இதில் ஒருமித்த கருத்து இல்லை. தெர்த்தூலியனும் அலெக்சாந்திரியாவின் கிளமெந்தும் ஆண்டவரின் உடல் பார்வைக்கு எளியது என்றனர். எரோணிமும் அகுஸ்தீனும் அவரது அழகைப் போற்றினர். நம் வீட்டுச் சுவர்களிலோ இரண்டாம் கருத்தே வென்றுவிட்டது. 1940-இல் சிகாகோவில் வார்னர் சால்மன் தீட்டி உலகெங்கும் பரவிய இயேசுவின் தலையோவியமும், விளம்பரப் படங்கள் வரைந்து பழகிய ஒரு கையின் ஆக்கமே.

விழுகிறவரை வரைவது

இவையெல்லாம் ஏட்டுச் சிந்தனை என்று வாசகர் ஒதுக்கிவிடலாம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம், தவக்காலம் வரும்வரை.

எம் பங்கில் ஓர் இளைஞர் இருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, ஃப்ளெக்ஸ் அச்சிடும் கடையில் வேலை பார்க்கிறார். ஓய்வு கிடைத்தால் வரைவார். அவருக்குத்தான் இந்நூலைக் கொடுத்தோம். சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் ஆலயத்துக்கென வரைந்து தரும்படி கேட்டோம். மூன்று வாரங்களில் ஒன்பது நிலைகள் வந்தன. கோடுகளில் தெளிவு இருந்தது. படை வீரரின் ஈட்டி தாளை விட்டு வெளியே நீண்டது. ஊரார் வியந்தனர். நமக்கும் முதலில் பெருமையாகவே இருந்தது.

ஒன்பதாம் நிலையின் முன் நின்றபோதுதான் ஏதோ தவறு எனப் பட்டது. ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிறார். அகன்ற தோள், இறுகிய தொடை, தரையில் ஊன்றிய முட்டி. அந்த உடல் அடுத்த நொடியில் துள்ளி எழுந்து படை வீரரைச் சிதறடிக்கப்போகிற உடல். சிலுவையைச் சுமக்க உதவிய சீரேனே சீமோனும் அதே எட்டே முக்கால் தலை. அவ்வளவு வலிமையுடையவருக்கு உதவி எதற்கு?

குறை இளைஞருடையதன்று. அன்றிரவு நூலை மீண்டும் புரட்டிப் பார்த்தோம். குத்துவதற்கும் தாவுவதற்கும் அடிபட்டுப் பின்னோக்கிப் பறப்பதற்கும் அதில் இலக்கணம் உண்டு. செயலே இக்கலையின் உயிர் என்று ஓர் இயல் முழுவதும் கற்பிக்கிறது. இருவர் அமைதியாகப் பேசும் காட்சியைக்கூட, பார்வைக் கோணத்தை மாற்றி விறுவிறுப்பாக்கச் சொல்கிறது. ஆனால் களைப்புக்கு அதில் இலக்கணம் இல்லை. எழ இயலாமல் விழுவது, காத்திருப்பது, பிறர் தோளில் சாய்வது ஆகியவற்றுக்கு அங்கே இடமில்லை. அடிபடும் நாயகனும் அடுத்த கட்டத்தில் எழுவதற்காகவே விழுகிறான். தசையின் வலிமையே மீட்பு என்று சொல்லும் கலையில், தோற்றவனுடைய உடலுக்கு வடிவம் கிடைப்பதில்லை. இதுவே இந்நூலின்மேல் நாம் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு.

இதனை இளைஞரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினோம். பாராட்டைக் கேட்டுப் பழகாத பிள்ளை. இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறார். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டோம்: "உங்கள் அப்பா வேலை முடிந்து வந்து எப்படி உட்காருவார்?"

அவருடைய தந்தை காய்கறிச் சந்தையில் மூட்டை சுமப்பவர். இளைஞர் மறுமொழி சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து வேறொரு தாளோடு வந்தார். அதில் விழுந்திருந்த மனிதரின் முட்டிகள் உட்புறமாகத் திரும்பியிருந்தன. ஒரு கை தன் பாரத்தையே தாங்க மாட்டாமல் மடங்கியிருந்தது. கழுத்தின் பின்புறம், சுமை பதிந்து பதிந்து தடித்துப்போன தோல். "சந்தையில் நாலு நாள் உட்கார்ந்து வரைந்தேன், ஃபாதர். மூட்டையோடு விழுகிறவர்கள் கையை முன்னால் நீட்டுவதில்லை. மூட்டையைத்தான் பிடிக்கிறார்கள்" என்றார். அளந்து பார்த்தோம். ஆறரைத் தலைக்குச் சற்றே மேல்.

இதில் ஒரு நீதி நூலுக்கும் செய்தாக வேண்டும். அந்தத் தாளில் சிலுவை மரம் சரியாக நம்மை நோக்கிச் சாய்ந்திருந்தது. தெரு தொலைவில் ஒரு புள்ளியை நோக்கி ஒடுங்கியது. மடங்கிய கை எலும்பில்லாத துணியாகத் தொங்கவில்லை. இவற்றை எல்லாம் பியூசெமாதான் கற்பித்திருந்தார். நூலின் முதற்பாதி இல்லாமல் சந்தைக்குப் போயிருந்தால், இளைஞர் கண்டதை அவரால் தாளில் கொண்டுவந்திருக்க முடியாது.

பென்சில் கட்டங்கள்

ஒன்றைச் சொல்லாமல் விட்டோம். நாம் வாங்கிய பிரதியின் பல பக்கங்களில், படங்களின் மேல் மெல்லிய பென்சிலால் சதுரக் கட்டங்கள் போடப்பட்டிருந்தன. குறுக்கும் நெடுக்குமாக, ஓரங்களில் எண்களோடு. பார்த்தவுடன் நமக்கு விளங்கிவிட்டது. சிறிய படத்தைப் பெரிய பலகைக்கு மாற்றுவதற்குத் திரைப்பட விளம்பர ஓவியர்கள் கையாண்ட முறை அது. ஒவ்வொரு சிறு கட்டத்தில் உள்ளதையும் பலகையின் பெரிய கட்டத்துக்குள் வரைந்தால், உள்ளங்கையளவு முகம் நாற்பது அடி உயரத்தில் எழும். 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஃப்ளெக்ஸ் அச்சு பரவியபோது அந்த ஓவியர்களின் தொழில் நலிந்தது. இந்நூலை வைத்திருந்தவரும் அவர்களுள் ஒருவராக இருந்திருக்கலாம். எந்த நாளில், என்ன தேவைக்காக இது எடைக்குப் போயிற்றோ, அதனை எண்ணிப் பார்க்கவே மனம் கனக்கிறது.

"இது என்ன கோடு, ஃபாதர்? அழித்துவிடட்டுமா?" என்று இளைஞர் முதல் நாளே கேட்டிருந்தார். ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவருக்கு அந்தக் கட்டங்களைத் தெரியவில்லை. அவர் இயக்கும் எந்திரமே அக்கட்டங்களை மறக்கச் செய்தது என்பதும் தெரியவில்லை. நாம் விளக்கிச் சொன்னோம். அவர் அழிக்கவில்லை.

தவக்காலத்தின் நான்காம் வாரத்தில் பதினான்கு நிலைகளும் நான்கடிப் பலகைகளில் எழுந்தன. அச்சிட்டுக்கொள்ள அவருக்கு வழி இருந்தது. ஆனால் கட்டம் போட்டு, கையாலேயே பெரிதாக்கினார். பலகைகளின் ஓரத்தில் அந்தப் பென்சில் எண்கள் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன.

பங்குகளில் நூலகம் நடத்துவோருக்கு எம் பரிந்துரை இது. படக்கதை நூல்களைக் குப்பையென்று ஒதுக்காதீர்கள். இக்கையேடு கிடைத்தால் வாங்குங்கள். வரையும் பிள்ளையிடம் அதைக் கொடுக்கும்போது, முதற்பாதியை நூலில் படிக்கவும் மறுபாதியைத் தெருவில் பார்க்கவும் சொல்லுங்கள். ஒன்பதாம் நிலையின் முன் இப்போது ஒருவர் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் நிற்கிறார். அவர் சந்தையில் மூட்டை சுமப்பவர்.